‘தினமும்தான் போடறேன்’ என்கிறார் அம்மா... மாத்திரை அட்டை வேறு சொல்கிறதே! - முதுமையில் மறதியும் உடல்நோயும் கைகோத்தால் என்ன ஆகும்?

பெங்களூருவில் ஐடி வேலை. பொங்கலுக்கு நான்கு நாள் லீவ் கிடைத்து திருச்சிக்கு வருகிறார் மகன். 71 வயது அம்மா வழக்கம்போல வாசலில் கோலம் போட்டிருக்கிறார். சாம்பாரில் உப்பு, புளி எல்லாம் சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையை ஒன்றுவிடாமல் சொல்கிறார். அதே கதையை மாலையில் இன்னொரு முறையும் சொல்கிறார். ‘வயசாச்சுல்ல’ என்று மகன் சிரித்துக்கொள்கிறார்.

மறுநாள் காபித்தூள் தேடும்போது அலமாரியில் மாத்திரை டப்பா கண்ணில் படுகிறது. பிபி மாத்திரை இரண்டு மாதத்துக்கானது அப்படியே இருக்கிறது. ஆனால், சர்க்கரை மாத்திரையோ 30 நாளைக்கு வாங்கியது 20 நாளிலேயே தீர்ந்திருக்கிறது.

“அம்மா, பிபி மாத்திரை போடவே இல்லையா?”

“தினமும்தான்ப்பா போடறேன். நீ போன்ல கேக்கும்போதெல்லாம் சொல்றேனே.”

அம்மா பொய் சொல்லவில்லை. போட்டதாகவே அவர் நம்புகிறார். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்: “போன மாசம் ரெண்டு தடவை பதினோரு மணி வாக்குல வேர்த்துக் கொட்டி, தலை சுத்தி உக்காந்துட்டாங்க தம்பி. வெயிலுனு நினைச்சோம்.”

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் வேறு நகரத்திலும் இருக்கும் பல குடும்பங்களில் நடப்பதைச் சேர்த்துச் சொன்ன காட்சி. லேசான மறதி ஒருபக்கம், சர்க்கரை, பிபி, இதயநோய் மறுபக்கம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பெரிதாகத் தெரியாது. சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். அது எப்படி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

லேசான அறிவாற்றல் குறைபாடு என்றால் என்ன?

வயதானால் கொஞ்சம் மறதி வருவது இயல்பு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் அரை மணி நேரம் கழித்து வருவதும் இந்த வகை. இன்னொரு முனையில் இருப்பது டிமென்ஷியா எனும் மறதி நோய். அதில் குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வெளியே போய்விட்டு வீடு திரும்புவது போன்ற அன்றாட வேலைகளுக்கே மற்றவர் உதவி தேவைப்படும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலைதான் ‘மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’. மருத்துவர்கள் சுருக்கமாக எம்சிஐ என்பார்கள். அமெரிக்காவின் மயோ கிளினிக்கைச் சேர்ந்த நரம்பியல் நிபுணர் ரொனால்ட் பீட்டர்சனும் அவரது குழுவினரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

எம்சிஐ உள்ளவரின் நினைவாற்றலோ, கவனமோ, திட்டமிடும் திறனோ அவரது வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைந்திருக்கும். பரிசோதனையில் அது தெரியும். ஆனாலும் அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்வார். அதனால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. போனில் பத்து நிமிடம் பேசினால் நிச்சயம் தெரியாது.

இது எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு சொல்கிறது. 60 முதல் 64 வயதுக்குள் 6.7 சதவீதம் பேருக்கு எம்சிஐ இருக்கிறது. 80 முதல் 84 வயதில் இது 25.2 சதவீதம். அதாவது நான்கில் ஒருவர்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள் என்று ‘லாசி-டாட்’ ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. லேசான குறைபாடு உள்ளவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

எம்சிஐ வந்தால் அடுத்தது டிமென்ஷியாதானா?

இல்லை. முதலில் இந்தப் பயத்தைக் களைந்துவிட வேண்டும். அதே வழிகாட்டுதலின்படி, எம்சிஐ உள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது சுமார் 15 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா வந்தது. பலர் அதே நிலையில் நீடித்தார்கள். சிலர் இயல்பு நிலைக்கே திரும்பினார்கள்.

திரும்ப முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. மறதியின் வேர் எப்போதும் மூளையில் மட்டும் இருப்பதில்லை. சில நேரம் அது தைராய்டில் இருக்கும், வைட்டமின் குறைபாட்டில் இருக்கும், ஏன், மாத்திரை டப்பாவுக்குள்ளேயே கூட இருக்கும்.

உடல்நோய் மூளையை எப்படிப் பாதிக்கிறது?

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால், உடலின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது செலவழிக்கிறது. அந்த ஆற்றலுக்கான சர்க்கரையையும் ஆக்ஸிஜனையும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான் கொண்டுபோகின்றன. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் முதலில் சேதப்படுத்துவது இந்தக் குழாய்களைத்தான். கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடக்கும் அதே சேதம் மூளையிலும் சத்தமில்லாமல் நடக்கிறது.

இதயம் பலவீனமானால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நாள்பட்ட நுரையீரல் நோயில் ஆக்ஸிஜன் குறைகிறது. சிறுநீரகம் சரியாக இயங்காவிட்டால் கழிவுகள் ரத்தத்தில் தங்கி மூளையைக் குழப்புகின்றன. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் ஸ்லீப் ஆப்னியா, இரவு முழுக்க மூளைக்கு ஓய்வே இல்லாமல் செய்கிறது.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. 2019-ல் வெளியான ‘ஸ்பிரின்ட் மைண்ட்’ என்ற அமெரிக்க ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 9,300-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றனர். ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்த குழுவில், 140-க்குக் கீழே வைத்த குழுவைவிட எம்சிஐ வரும் ஆபத்து 19 சதவீதம் குறைவாக இருந்தது. இதை வைத்து எல்லா முதியவர்களுக்கும் 120-தான் இலக்கு என்று வீட்டில் முடிவு செய்துவிடக் கூடாது. எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால், ‘பிபி லைட்டாதான் இருக்கு, பரவாயில்ல’ என்ற அலட்சியத்துக்கு மூளையும் விலை கொடுக்கிறது என்பது தெளிவு.

மறதி உடல்நோயை எப்படி மோசமாக்குகிறது?

இந்தப் பக்கத்தைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

சர்க்கரை, பிபி, தைராய்டு மூன்றும் இருக்கும் ஒருவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அரை மணி நேரம் கழித்துச் சர்க்கரை மாத்திரை. உடனே சாப்பாடு. அப்புறம் பிபி மாத்திரை. இரவு கொழுப்புக்கு ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் டி. நடுவில் சர்க்கரை பார்க்க வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி நினைவிருக்க வேண்டும். 35 வயதுக்காரரே தடுமாறும் வேலை இது. திட்டமிடலும் சமீபத்திய நினைவும்தான் எம்சிஐயில் அடிவாங்குகின்றன. நன்றாகச் சமைக்கும் அம்மாவால் மாத்திரைகளைச் சரியாக எடுக்க முடியாமல் போவது இதனால்தான். சமையல் ஐம்பது வருடப் பழக்கம். இன்று காலை மாத்திரை போட்டோமா என்பது அரை மணி நேர நினைவு.

இதில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, இரட்டை டோஸ். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் ரத்தச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடியவை. போட்டதை மறந்து இன்னொன்று போட்டாலோ, போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தாலோ சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். தாழ்சர்க்கரை அடிக்கடி வந்தால் மூளை மேலும் பாதிக்கப்படும். அதனால் மறதி கூடும், மறதியால் மறுபடியும் தவறு நடக்கும். இது ஒரு சுழல்.

இரண்டாவது, மாத்திரையே போடாமல் விடுவது. பிபி ஏறும், பக்கவாத ஆபத்து கூடும்.

மூன்றாவதுதான் பலரும் எதிர்பாராதது. அம்மா மாத்திரை போடவில்லை என்பது மருத்துவருக்குத் தெரியாது. பிபி அதிகமாக இருப்பதைப் பார்த்து டோஸைக் கூட்டுகிறார். அடுத்த முறையும் அதிகம், இன்னொரு மாத்திரை சேர்க்கிறார். ஒருநாள் மகனோ மகளோ ஊருக்கு வந்து, விஷயம் புரிந்து, சீட்டில் எழுதிய எல்லா மாத்திரைகளையும் அன்றைக்கே ‘ஒழுங்காக’க் கொடுக்கத் தொடங்குகிறார்கள். பிபி தடாலென்று இறங்குகிறது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது.

பிள்ளைகள் செய்தது அக்கறைதான். ஆனால், டப்பாவில் மாத்திரை மீந்திருப்பதைப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது மருத்துவருக்கு போன் போடுவது. “இத்தனை நாளா இதைப் போடவே இல்ல டாக்டர், இப்ப எதை எவ்வளவு கொடுக்கணும்?” என்ற ஒரு கேள்வி பெரிய விபத்தைத் தடுக்கும்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால்?

இது வேறு விஷயம். அவசர விஷயமும்கூட. எம்சிஐ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நகரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒருவர் குழம்பிப் பேசினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், அல்லது வழக்கத்துக்கு மாறாக எப்போதும் தூங்கி வழிந்தால் அது ‘டெலிரியம்’ எனப்படும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம்.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உடல்நோய் இருக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, கடும் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து என எதுவாகவும் இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். குழப்பம்தான் முதல் அறிகுறியாக இருக்கும். ஏற்கெனவே எம்சிஐ இருப்பவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு அதிகம். ‘வயசாச்சு, உளர்றாங்க’ என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முகம் கோணுவது, ஒரு கை கால் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது தெரிந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108.

சரிசெய்யக்கூடிய காரணங்கள் எவை?

மறதி என்று போனால் மருத்துவர்கள் முதலில் தேடுவது, சரிசெய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்றுதான்.

* வைட்டமின் பி12: சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் குறையலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.
* தைராய்டு குறைவு, ரத்தசோகை, சோடியம் குறைவு: மூன்றுமே மூளையை மந்தமாக்கும். பிபிக்காக எடுக்கும் சில நீர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கக்கூடும்.
* மனச்சோர்வு: துணையை இழந்த பிறகு, பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வரும் சோர்வு, பார்ப்பதற்கு மறதி போலவே இருக்கும்.
* காது, கண்: சரியாகக் கேட்காதது நினைவில் பதியாது. உலக அளவில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 2024-ல் லான்செட் ஆணையம் கூறியது. அது பட்டியலிட்ட 14 காரணிகளில் கேட்கும் திறன் இழப்பும், சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடும் உண்டு. காது மெஷினும் கண்புரை ஆபரேஷனும் மூளைக்கும் நல்லதுதான்.
* மருந்துகள்: சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமைன் போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை முதியவர்களின் நினைவாற்றலையும் கவனத்தையும் மங்கச் செய்யலாம். ஆனால், எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக, நீண்ட நாள் எடுத்த தூக்க மாத்திரையை திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

யாரிடம் போவது?

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று ஓடும்போது, மொத்தமாக ஆளைப் பார்க்க ஒருவர் தேவை. அவர்தான் முதியோர் நல மருத்துவர், அதாவது ஜெரியாட்ரிஷியன். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் நலத் துறை பல ஆண்டுகளாக இயங்குகிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. அருகில் ஜெரியாட்ரிஷியன் இல்லாவிட்டால், பொது மருத்துவரிடம் தொடங்கி, தேவைப்பட்டால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் போகலாம்.

‘மோகா’ போன்ற 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன. கடிகாரம் வரைவது, சொற்களை நினைவுகூர்வது போன்ற எளிய கேள்விகள்தான். ஆனால், அதிகம் படிக்காதவர்களுக்கு இந்தச் சோதனையில் மதிப்பெண் குறையலாம். அது நோய் அல்ல. அதனால் செல்போனில் டவுன்லோடு செய்து வீட்டில் பரீட்சை வைக்க வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரு முக்கியக் கேள்வி, “சர்க்கரை எவ்வளவு இருந்தா போதும்?” என்பது. ஆரோக்கியமான முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7 முதல் 7.5-க்குள் இருக்கலாம் என்று சொல்லும் அமெரிக்க நீரிழிவு சங்கம், பல நோய்களோ அறிவாற்றல் குறைபாடோ உள்ளவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது. காரணம், அவர்களுக்கு சர்க்கரை சற்றுக் கூடுவதைவிடத் திடீரென்று தாழ்வது பெரிய ஆபத்து.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

1. மஞ்சப்பை எடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், சித்தா லேகியம், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை உட்பட ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் இருப்பது பல நேரம் இப்படித்தான் தெரியவரும்.

2. வேளைகளைக் குறைக்கச் சொல்லுங்கள். நான்கு வேளை மாத்திரையை இரண்டு வேளையாக்க முடியுமா, தாழ்சர்க்கரை வராத மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

3. கேள்வியை மாற்றுங்கள். “மாத்திரை போட்டியா?” என்றால் “போட்டேன்” என்ற பதில்தான் வரும். கிழமை வாரியாக அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்து, வீடியோ காலில் “அம்மா, அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

4. பழக்கத்தோடு கட்டுங்கள். அலாரத்தைவிடக் காபி டம்ளர் பக்கத்தில் இருக்கும் டப்பா நன்றாக வேலை செய்யும். ஐம்பது வருடப் பழக்கத்தோடு சேர்த்தால் புதிய பழக்கமும் நிற்கும்.

5. உள்ளூரில் ஓர் ஆளை வையுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அதைக் கொண்டுவரும் தன்னார்வலரிடமும் பக்கத்து வீட்டிலும் மறதி விஷயத்தைச் சொல்லி வையுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

6. தாழ்சர்க்கரைக்குத் தயாராக இருங்கள். வியர்த்து, நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை அளவு பார்த்து, சாப்பிட வேண்டும். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம் என்பதால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

7. நடக்க வையுங்கள். எம்சிஐ உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு முறையாவது உடற்பயிற்சி செய்யப் பரிந்துரைக்கிறது 2018 வழிகாட்டுதல். கோயில் பிரகாரமோ, தெரு முனையோ, துணைக்கு ஒருவரோடு பேசிக்கொண்டே நடந்தால் தனிமையும் குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கத்தாமல் இருப்பது. “எத்தனை தடவ சொல்றது?” என்று ஒருமுறை எரிந்து விழுந்தால், அடுத்த முறை அம்மா மறந்ததை மறைத்துவிடுவார். டாக்டரிடமும் “நல்லா இருக்கேன்” என்பார். மறைத்த மறதிக்கு யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது.

திருச்சி வீட்டில், மகன் லீவை இரண்டு நாள் நீட்டித்தார். மஞ்சப்பையோடு இருவரும் டாக்டரிடம் போனார்கள். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு. சர்க்கரை மாத்திரை மாற்றப்பட்டது. பிபிக்கு எழுதியிருந்த இரண்டில் ஒன்றை மட்டும் முதலில் தொடங்கச் சொன்னார் டாக்டர். மறதி முழுவதும் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார்.

இப்போது காலை எட்டு மணிக்கு வீடியோ கால். காபி டம்ளர் பக்கத்தில் டப்பா. “இன்னிக்கு என்ன கிழமைன்னு நீயே சொல்லிடு, நான் எடுத்துக்கறேன்” என்கிறார் அம்மா. மகன் கிழமையைச் சொல்கிறார். அம்மா அந்த அறையைத் திறந்து காட்டுகிறார்.